அடுத்த வீட்டு வைஃபை: கேட்காமல் இணையலாமா?

வேலந்தாவளம் ஆசிரியை:
கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி, பக்கத்து வீட்டில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடக்கும் வைஃபையில் இணைந்துதான் இரவில் பாடக் காணொளிகளைப் பார்க்கிறாள். அந்த வீட்டுச் சேச்சிக்கு இது தெரியாது. தவறு என்று சக ஆசிரியர் ஒருவர் கண்டிக்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2020 ஜூனில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கேரள அரசின் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் மலையாள வகுப்புகள் ஓடின. நம் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் யூடியூப்தான் கதி. டேட்டா தீர்ந்தால் அன்றைய பாடமும் போயிற்று. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையில் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றமே 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. யாருக்கும் குறையாத ஒன்றை எடுத்துக்கொள்வது எப்படித் திருட்டாகும்?

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
அம்மா, யாருக்கும் குறையாது என்பதை என்னால் ஏற்க முடியாது. தமிழ்நாட்டோடு போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வந்தாக வேண்டும் என்று போராடும் நாம், அது வாய்க்காலுக்கு வந்த பிறகு முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறோம். மடை திறந்திருக்கிறது என்பதற்காக இன்னொருவர் முறையில் தண்ணீரைத் திருப்பினால் ஊர் சும்மா விடுமா? வைஃபையிலும் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். சுவருக்கு அப்பால் சிக்னல் மெலிந்த இடத்திலிருந்து இணையும் கைபேசி அதே காணொளிக்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால், ரௌட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்கும் வேகம் குறையும். நீங்கள் சொல்லும் உரிமையை நிறைவேற்றும் கடமை அரசினுடையது, சேச்சியினுடையது அல்ல.

சட்ட மாணவன், சித்தூர்:
ஐயா, தண்ணீரைத் தேக்கி வைக்கலாம்; நள்ளிரவில் யாரும் பயன்படுத்தாத வேகம் மறுநாளுக்கு மிஞ்சுவதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு அனுமதியின்றி வலையமைப்பை அணுகினால் இழப்பீடு கொடுக்கச் சொல்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது குற்றமாகி 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை என்ற நிலைக்குப் போக, நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் இருந்தாக வேண்டும். பாடம் பார்க்கும் பிள்ளையிடம் அந்த நோக்கத்தை எங்கே தேடுவது?

மீனாட்சிபுரம் கேபிள்காரர்:
தம்பி, நோக்கத்தைப் பிறகு நிரூபித்துக்கொள்ளலாம், விசாரணை முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாத ஒரு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அங்கு குடியிருந்த அமெரிக்கர்தான் விசாரணைக்கு ஆளானார். நான் இணைப்புக் கொடுத்த வீடுகளில் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வீட்டில் இருக்கும் கைபேசிகளைவிட நீளமாக வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வீட்டுப் பெரியவர் ஒவ்வொரு பெயராக வாசித்துவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்கும்போது அவர் முகத்தில் தெரிவது கோபமல்ல, பயம். கடவுச்சொல் போடவில்லை என்றால் அனுமதி கொடுத்துவிட்டார் என்று பொருள் கொள்ளாதீர்கள். பலருக்கு அதைப் போடவே தெரியாது.

வேலந்தாவளம் ஆசிரியை:
கேட்டு வாங்கலாமே என்பீர்கள். மாணவியின் அம்மா அந்த வீட்டில்தான் வேலை செய்கிறார். கேட்டு, சேச்சி மறுத்துவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு அவர் அங்கே போய்ப் பாத்திரம் துலக்குவார்?

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
அதனால்தான் இன்னும் அவசரமாகக் கேட்க வேண்டும் என்கிறேன். நாளை அந்தப் பட்டியலில் பிள்ளையின் கைபேசி தெரிந்தால், அந்த வீட்டில் காணாமல் போகும் ஒவ்வொரு பொருளுக்கும் சந்தேகம் அந்த அம்மா மேல்தான் விழும். அவரை அனுப்ப வேண்டாம். பள்ளியின் சார்பில் நீங்கள் போங்கள்.

மீனாட்சிபுரம் கேபிள்காரர்:
சேச்சி சம்மதித்தால், ரௌட்டரில் விருந்தினருக்கென்று தனி இணைப்பும் தனிக் கடவுச்சொல்லும் நானே வைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். 2023 ஜூனில் தொடங்கிய கேரள அரசின் கே-ஃபோன் இணையத் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு உண்டு. பஞ்சாயத்திலும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

வேலந்தாவளம் ஆசிரியை:
ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்கிறேன். ஆனால் சேச்சி மறுத்து, பஞ்சாயத்தும் கைவிரித்த பிறகு அவள் மறுபடி அந்த வைஃபையில் இணைந்தால், அவளைத் திருடி என்று நான் சொல்ல மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
நானும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, அம்மா. ஆனாலும் இணையாதே என்றுதான் சொல்வேன்.