சுமை இழுக்கும் சி10 பிக்கப், 355 கன அங்குல என்ஜின்: 600 சி.எஃப்.எம். கார்புரேட்டரா, 750-ஆ?

டென்வர்_சி10:

வணக்கம். என்னிடம் 1978ஆம் ஆண்டின் செவ்ரலே சி10 பிக்கப் ஒன்று இருக்கிறது. அதன் 350 கன அங்குல வி8 என்ஜினைப் பிரித்து, சிலிண்டர்களை 0.030 அங்குலம் போர் செய்து, மறுபடியும் கட்டியிருக்கிறேன். கொள்ளளவு இப்போது 355 கன அங்குலம். கேம்ஷாஃப்ட் 0.050 அங்குல உயர்வில் 214/224 டிகிரி. டூயல் பிளேன் இன்டேக் மேனிஃபோல்டும் ஹெட்டர்களும் பொருத்தியாயிற்று. பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு, ஓவர்டிரைவ் உள்ள நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கான 700ஆர்4 வைத்திருக்கிறேன். பின் அச்சின் விகிதம் 3.73, டயரின் விட்டம் 29 அங்குலம்.

இந்த வண்டி பந்தயத்துக்கானது அல்ல. கோடைக்காலத்தில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஐ-70 நெடுஞ்சாலையில் மலையேற வேண்டும், மற்ற நாட்களில் நகருக்குள் ஓட வேண்டும். என்ஜினில் இவ்வளவு மாற்றம் செய்தபின் 750 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடிக் காற்று) டபுள் பம்பருக்குக் (எல்லாக் காற்றுவழிகளையும் மிதியே நேரடியாகத் திறக்கும் கார்புரேட்டர்) குறைந்து எதுவும் போதாது என்று உள்ளூர்ப் பட்டறைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். எனக்கோ 600 போதும் என்று தோன்றுகிறது, ஆனால் அதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. எந்த அளவை, எந்தக் கணக்கின்படி தேர்வு செய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெஞ்சுரி:

வணக்கம். கணக்கிலிருந்தே தொடங்குவோம். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை உள்ளிழுக்கிறது. ஒரு கன அடியில் 1,728 கன அங்குலங்கள் உள்ளன. ஆகவே கன அங்குலத்தைச் சுற்று வேகத்தால் பெருக்கி 3,456 ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று வேண்டும் என்பது கிடைத்துவிடும். உங்கள் கேமுக்கு 5,200 சுற்றுக்கு மேல் போவதில் பயனில்லை என்று வைத்துக்கொண்டால் 534 வருகிறது. எந்தத் தெரு என்ஜினும் நூறு சதவீதம் நிரம்புவதில்லை. 85 சதவீதம் என்று கொண்டால் 454. உங்கள் என்ஜின் கேட்கக்கூடிய உச்சபட்சக் காற்று இவ்வளவுதான்.

அப்படியானால் 450 சி.எஃப்.எம். கார்புரேட்டரே போதுமே என்று கேட்கலாம். அந்த எண் எப்படி அளக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் விடை கிடைக்கும். நான்கு பேரல் (காற்று செல்லும் குழல்) கொண்ட கார்புரேட்டரின் மதிப்பு, அதன் மேலுக்கும் கீழுக்கும் 1.5 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாடு இருக்கும்போது எவ்வளவு காற்று கடக்கிறது என்பதே. இரண்டு பேரலுக்கு அளவு 3 அங்குலம். எனவே 500 என்று விற்கப்படும் இரண்டு பேரல், நான்கு பேரலின் அளவுகோலில் ஏறத்தாழ 354 மட்டுமே. 450 மதிப்புள்ள நான்கு பேரல் உங்கள் என்ஜினுக்குத் தேவையான காற்றைத் தரும், ஆனால் அதற்காக 1.5 அங்குல அழுத்தத்தை இழக்கும்.

அழுத்த இழப்பு, காற்றோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. அதன்படி, கடல்மட்டக் காற்றில், 454 கன அடி ஓடும்போது 600 கார்புரேட்டரில் சுமார் 0.86 அங்குலமும், 750-இல் சுமார் 0.55 அங்குலமும் இழப்பு ஏற்படும். வேறுபாடு 0.31 அங்குலம். வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 30 அங்குலம் என்பதால், பெரிய கார்புரேட்டரால் உச்ச வேகத்தில் கிடைக்கும் ஆதாயம் சுமார் ஒரு சதவீதம்தான். பட்டறைக்காரர் உங்களிடம் வாங்கச் சொல்வது இந்த ஒரு சதவீதத்தை.

அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஹோலி நிறுவனத்தின் 1850 என்ற 600 மாதிரியில் முதன்மை வெஞ்சுரியின் (முதலில் திறக்கும் பேரலின் குறுகிய கழுத்து) விட்டம் 1.25 அங்குலம், 4779 என்ற 750 டபுள் பம்பரில் 1.375 அங்குலம். பரப்பளவு 21 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று அகலமான வழியில் மெதுவாகச் செல்கிறது, பெட்ரோலை உறிஞ்சும் அழுத்தக் குறைவோ வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆக, சாதாரண ஓட்டத்தில் பெட்ரோலை இழுக்கும் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பலவீனமாகிறது. பெட்ரோல் நன்றாகச் சிதறாது, மிதியைத் தொட்டவுடன் என்ஜின் ஒரு கணம் திணறும், அதை மறைக்க ஜெட்டை (பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் துளை) பெரிதாக்குவீர்கள், பிறகு எரிபொருள் செலவு ஏறும்.

உங்கள் வண்டி எந்தச் சுற்றில் வாழ்கிறது என்பதையும் பாருங்கள். மணிக்கு 65 மைல் வேகத்தில், ஓவர்டிரைவ் இல்லாமல், என்ஜின் சுமார் 2,800 சுற்றில் ஓடும். இரண்டாம் கியரில் 45 மைலில் ஏறினால் சுமார் 3,200. டிரெய்லர் இழுக்கும் வண்டி 5,000 சுற்றை எட்டுவது அரிது. கார்புரேட்டரை அது உழைக்கும் இடத்துக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் பரிந்துரை, வேக்யூமால் திறக்கும் இரண்டாம் பேரல்கள் கொண்ட 600.

பழைய_இரும்பு:

வெஞ்சுரி சொல்லும் கணக்கில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் 750 என்ற எண்ணையே குற்றவாளியாக்குவதை ஏற்க இயலவில்லை. அந்தக் காலத்து நான்கு பேரல் 350 பிக்கப்களில் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்தியது ரோச்செஸ்டர் குவாட்ராஜெட். 1965 முதல் 1990 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் கார்புரேட்டர்களில் பெரும்பாலானவை 750, சில 800. அவ்வளவு பெரிய எண் கொண்ட கருவி, சாதாரண 350 என்ஜினில் திணறாமல் எப்படி ஓடியது? முதன்மை வெஞ்சுரி 1-3/32 அங்குலம்தான், ஹோலி 600-ஐவிடவும் சிறியது. இரண்டாம் பேரல்கள் 2-1/4 அங்குலம் அகலமானவை, ஆனால் அவற்றின் மேல் உள்ள காற்று மூடி என்ஜின் கேட்கும் அளவுக்கு மட்டுமே திறக்கும். டபுள் பம்பரில் கேட்பது என்ஜின் அல்ல, மிதிக்கும் கால். தீர்மானிக்க வேண்டியது அந்த வேறுபாட்டை.

எனவே பழைய குவாட்ராஜெட் உங்களிடம் இன்னும் இருந்தால், அதைத் தூக்கி எறிவதற்குமுன் ஒருமுறை சீரமைத்துப் பாருங்கள். த்ராட்டில் தண்டின் துளைகள் தேய்ந்து காற்று கசிகிறதா, அடிப்பக்க அடைப்புகளில் பெட்ரோல் கசிகிறதா என்ற இரண்டையும் கவனமாகச் சோதிக்க வேண்டும். இவை சரியாக இருந்தால், சுமை இழுக்கும் வண்டிக்கு அதைவிடச் சிறந்த கார்புரேட்டரை நான் கண்டதில்லை. அதன் பேரல்கள் சம அளவு அல்ல என்பதால், மேனிஃபோல்டின் வாய் அதற்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டென்வர்_சி10:

இருவருக்கும் மிக்க நன்றி. பழைய குவாட்ராஜெட்டை முந்தைய உரிமையாளரே கழற்றி விற்றுவிட்டார், ஆகவே புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது. டென்வர் 5,280 அடி உயரத்தில் உள்ளது. ஐசன்ஹவர் சுரங்கப்பாதையோ 11,000 அடியையும் தாண்டுகிறது. அங்கே காற்று மெலிதாக இருப்பதால், அதை ஈடுகட்டப் பெரிய கார்புரேட்டர் வேண்டாமா? பட்டறைக்காரர் முன்வைத்த முக்கியமான வாதமும் இதுவே.

வெஞ்சுரி:

வேண்டாம். என்ஜின் உள்ளிழுப்பது கன அளவை, எடையை அல்ல. சிலிண்டரின் கொள்ளளவு சென்னையிலும் டென்வரிலும் ஒன்றே, ஆகவே 454 என்ற எண் மாறாது. மாறுவது அந்தக் காற்றின் அடர்த்தி. டென்வரில் அது கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்று வெஞ்சுரியில் உண்டாக்கும் இழுவிசையும் அதே விகிதத்தில் குறைகிறது, ஆகையால் மலையில் வாழ்பவருக்குச் சிறிய வெஞ்சுரி இன்னும் கூடுதலாகவே தேவைப்படுகிறது. பட்டறைக்காரரின் வாதம் அவருக்கு எதிராகவே நிற்கிறது.

மாற்ற வேண்டியது ஜெட்டை. காற்றின் எடை குறையும் அளவுக்குப் பெட்ரோல் தானாகக் குறைவதில்லை, ஆகவே கடல்மட்டத்துக்கு அமைத்த கார்புரேட்டர் டென்வரில் சுமார் பத்து சதவீதம் அதிகப் பெட்ரோல் ஊற்றும். 2,000 அடிக்கு ஓர் எண் வீதம் ஜெட்டைக் குறைப்பது வழக்கம். 1850-இல் 66 எண் ஜெட் வரும். நீங்கள் 63 அல்லது 64-இலிருந்து தொடங்கலாம். ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரைப் பொருத்தி, முழு மிதியில் காற்று-எரிபொருள் விகிதம் 12.5 முதல் 12.8 வரையும், சமவெளி ஓட்டத்தில் 14-க்குச் சற்று மேலும் நிற்கும்படி செய்துகொள்ளுங்கள்.

வெற்றிடம் குறையும்போது திறந்து கூடுதல் பெட்ரோல் தரும் பவர் வால்வையும் மறக்க வேண்டாம். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வீதம் ஐடில் வெற்றிடம் குறைகிறது. டிரைவில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு வேக்யூம் கேஜைப் படித்து, அந்த எண்ணில் பாதியை வால்வின் எண்ணாகக் கொள்ளுங்கள். 11 அங்குலம் காட்டினால் 5.5 வால்வு. அடிக்கடி மலையேறுவதால் எடல்பிராக் நிறுவனத்தின் 1406-ஐயும் நீங்கள் பரிசீலிக்கலாம், அதுவும் 600-தான். அதில் மிதவைக் கிண்ணத்தைத் திறக்காமலே, மேலிருந்து ஒரு திருகைத் தளர்த்தி, ஜெட்டுக்குள் நின்று பெட்ரோலை அளக்கும் மீட்டரிங் ராடை மாற்றிவிடலாம். ஹோலியில் ஜெட் மாற்றக் கிண்ணத்தையே கழற்ற வேண்டும்.

கியர்ப்பெட்டி:

அளவைப் பற்றிய விவாதம் நன்றாக நடந்திருக்கிறது, ஆனால் 700ஆர்4 என்ற சொல்லை எல்லோரும் கடந்து போய்விட்டீர்கள். அந்தக் கியர்ப்பெட்டியின் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள் கார்புரேட்டரின் த்ராட்டில் நெம்புகோலில் இணைகிறது. பழைய மூன்று கியர் பெட்டியில் இருந்த கேபிள் கியரை இறக்குவதற்கு மட்டுமே. இதுவோ உள்ளே இருக்கும் எண்ணெய் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. கேபிள் போதிய அளவு இழுபடாவிட்டால் அழுத்தம் குறைந்து கிளட்சுகள் வழுக்கும். டிரெய்லரோடு மலையேறும்போது அவை எரிந்துபோக வெகுநேரம் ஆகாது.

ஹோலியானாலும் எடல்பிராக் ஆனாலும், கார்புரேட்டரோடு வரும் நெம்புகோலில் கேபிள் இழுபடும் தூரமும் வேகமும் 700ஆர்4-க்குப் பொருந்தாது. அதைத் திருத்தும் இணைப்புத் துண்டு தனியாக விற்கப்படுகிறது. கார்புரேட்டர் வாங்கும்போதே அதையும், சரியான கேபிள் பிராக்கெட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பொருத்தியபின், ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை முழுவதும் அழுத்த, மற்றொருவர் பானெட்டுக்குள் பார்த்து, த்ராட்டில் முழுமையாகத் திறக்கிறதா, அதே நேரத்தில் கேபிளும் இறுதிவரை இழுபடுகிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இந்தச் சோதனை முடியும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டாம்.

டென்வர்_சி10:

தெளிவாகிவிட்டது, நன்றி. 1406-ஐயும், திருத்தும் துண்டையும், பிராக்கெட்டையும் ஒன்றாக வாங்குகிறேன். இரண்டாம் கியரில் முழு மிதியில் 5,000 சுற்றை நெருங்கும்போது வேக்யூம் கேஜ் என்ன காட்ட வேண்டும்?

வெஞ்சுரி:

நம் காற்றின் அடர்த்தியைக் கணக்கில் கொண்டால் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும். ஒன்றரை அங்குலத்தைத் தாண்டினால் மட்டுமே கார்புரேட்டர் சிறியது என்று பொருள். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன், த்ராட்டில் முழுவதும் திறக்கிறதா என்பதையும் ஏர் ஃபில்டர் அடைபட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.