முன் ஃபோர்க்கைப் பிரித்துச் சீர்செய்வதா, மாற்றுவதா: நீலகிரி ஓட்டிகளின் அனுபவப் பகிர்வு

குன்னூர் உறுப்பினர்:

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறக்கும் நேரத்தில், குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து மலைச் சைக்கிள் ஓட்டிகளிடையே ஒரு கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. முன் சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சியைத் தாங்கும் முன் ஃபோர்க் இறுகிவிட்டது. அதைப் பிரித்துச் சரிசெய்யலாமா, புதிது வாங்கிவிடலாமா? எனக்கும் அப்படி ஒரு நிலை வந்தது. 130 மி.மீ. அசைவுள்ள (அந்த அளவுக்கு அமுங்கக்கூடிய), உள்ளே அடைத்த காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்யும் என் ஏர் ஃபோர்க், தோட்டப் பாதையின் பெரிய கற்களை ஓரளவு தாங்கியது. சிறு சரளைக்கற்களின் அதிர்வை மட்டும் அப்படியே கைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. சமவெளியில் ஒரு கடையில் காட்டியபோது, ஹேண்டிலை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, இதற்கு ஆயுள் முடிந்தது, மாற்றிவிடுங்கள் என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அந்த முடிவை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டிலேயே கழற்றினேன். முதலில் காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்; இதில் எவரும் அவசரப்படக் கூடாது. பிறகு அடியிலுள்ள இரண்டு போல்ட்டுகளையும் சில சுற்றுகள் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டி, சக்கரம் மாட்டும் கீழ் உறையை, அதற்குள் ஏறி இறங்கும் மேற்குழாய்களிலிருந்து உருவினேன். வெளியே வந்த எண்ணெய், பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. மழைநீர், குழாயைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பான சீலைத் தாண்டி உள்ளே புகுந்து எண்ணெயோடு கலந்தால்தான் அந்த நிறம் வரும். சீலுக்குக் கீழே எண்ணெயைத் தேக்கி வைத்திருக்க வேண்டிய ஸ்பாஞ்ச் வளையங்கள் வறண்டு, செம்மண் ஏறிக் கிடந்தன. ஆனால் மேற்குழாய்கள் இரண்டும் கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தன. தூசி சீல், ஸ்பாஞ்ச் வளையம், ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் வளையங்கள், சரியான அளவில் புதிய எண்ணெய் ஆகியவற்றை மாற்றியதும், புது ஃபோர்க்கில் எதிர்பார்க்கும் மென்மை திரும்பக் கிடைத்தது. செலவு சில ஆயிரம் ரூபாய். புது ஃபோர்க்கின் விலையோடு வைத்துப் பார்க்கவே முடியாத தொகை.

ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ் உறையைக் கழற்றி எண்ணெய் மாற்றச் சொல்கிறது. ஃபாக்ஸ் நிறுவனம் 125 மணி நேரம் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அப்போது முழுப் பராமரிப்பு செய்யச் சொல்கிறது. ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் ஓட்டுபவருக்கு 50 மணி நேரம் என்பது நான்கு மாதங்களில் முடிந்துவிடும். நம் ஊர் மழையிலும் சேற்றிலும் அந்தக் கணக்கை இன்னும் சுருக்கிக்கொள்வதுதான் சரி என்று நினைக்கிறேன். வாகனம் கழுவும் கடைகளின் அழுத்த நீரைச் சீலின் மேல் பாய்ச்சுவதையும் நிறுத்த வேண்டும். வெளியே ஒட்டியிருக்கும் சேற்றை உள்ளே தள்ளுவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

பின்னாளில் அதே ஃபோர்க்கில் அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் மாற்றம் தெரியாமல் போனது. அது, ஃபோர்க்கின் துள்ளலை அடக்கும் பாகமான டாம்பரின் கோளாறு. அப்போதும் முழு ஃபோர்க்கை மாற்றாமல், அதே உடலுக்குப் பொருந்தும் மேம்பட்ட டாம்பரை வாங்கிப் பொருத்தினேன். இது பலருக்குத் தெரியாத நடுவழி. எடுத்துக்காட்டாக, ராக்‌ஷாக்ஸின் முந்தைய தலைமுறை யாரி, லிரிக் ஆகிய ஃபோர்க் மாடல்கள் இரண்டுக்கும் 35 மி.மீ. மேற்குழாய் கொண்ட ஒரே உடல்தான். யாரியில் வந்த எளிய டாம்பரை எடுத்துவிட்டு, அதே தலைமுறை லிரிக்கில் வந்த சார்ஜர் டாம்பரை வைக்க முடியும். தொட்டபெட்டாவை ஒட்டிய இறக்கங்களில் முன் பிரேக்கை நெடுநேரம் பிடித்தபடி வருபவர்களுக்கு, ஃபோர்க் மூக்கைக் குத்தாமல் நிமிர்ந்து நிற்பது பெரிய நிம்மதி. அந்த நிம்மதியைத் தருவது குழாயின் பருமனைவிட டாம்பர்தான்.

கோத்தகிரி உறுப்பினர்:

குன்னூர் அண்ணன் எழுதியது முழுவதும் சரி. ஆனால் அவருடைய மேற்குழாய்கள் கெடாமல் இருந்தன என்பதில்தான் அந்த முடிவு முழுவதும் நிற்கிறது. என் அனுபவம் எதிர்த்திசையில் போனது. சீல் மாற்றிய சில வாரங்களிலேயே இடது காலில் மீண்டும் எண்ணெய் வளையம் தெரிந்தது. குழாயின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பார்த்தபோது, மேற்பூச்சு நீளவாக்கில் தேய்ந்து, அடியிலுள்ள அலுமினியம் வெளுத்துத் தெரிந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தடுக்கியது. அந்த நிலைக்கு வந்த குழாயில் எத்தனை முறை சீல் மாற்றினாலும் குழாயே அதை அரித்துவிடும். மேற்குழாய்கள், அவற்றை மேலே இணைக்கும் கிரவுன், அதிலிருந்து ஹேண்டில்வரை எழும் தண்டான ஸ்டீரர் மூன்றும் அழுத்திப் பொருத்தப்பட்ட ஒரே தொகுதி என்பதால், ஒரு குழாயை மட்டும் மாற்ற வழியில்லை. என் மாடலுக்கு அந்தத் தொகுதி கிடைப்பதும் நின்றுபோயிருந்தது.

புதிது வாங்குவது என்று முடிவான பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. என்னுடையது 26 அங்குலச் சக்கரம், நெம்புகோலால் கழற்றும் 9 மி.மீ. குவிக் ரிலீஸ் அச்சு, மேலும் கீழும் ஒரே பருமனுள்ள ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பழைய ஸ்டீரர். இப்போது கடைகளில் உள்ள நல்ல ஃபோர்க்குகளோ அடியில் ஒன்றரை அங்குலத்துக்கு விரியும் ஸ்டீரரும், 15 மி.மீ. தடிமனும் 110 மி.மீ. அகலமும் கொண்ட அச்சும் உடையவை. அடியில் விரியும் ஸ்டீரர் என் ஃப்ரேமின் தலைக்குழாயில் நுழையவே நுழையாது. அச்சு மாறினால் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பும் மாற வேண்டும். ஆக, ஃபோர்க்கின் விலையோடு முன் சக்கரத்தின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இறுதியில் நேரான ஸ்டீரர் உள்ள பழைய இருப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

அதில் ஒரு பாடம் உண்டு. கிடைத்த ஃபோர்க் 120 மி.மீ.; பழையது 100 மி.மீ. இருபது மி.மீ. உயர்ந்தால் தலைக்கோணம் (தலைக்குழாய் தரையோடு அமையும் கோணம்) ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்கிறது. இறக்கத்தில் அது நல்ல உறுதியைத் தருகிறது. ஆனால் கோடநாடு பக்கம் செங்குத்தாக ஏறும்போது முன் சக்கரம் இலகுவாகி, கோட்டில் நிற்காமல் அலைந்தது. உள்ளே ஒரு ஸ்பேசரை வைத்து அசைவை 100 மி.மீ. ஆகக் குறைத்த பின்புதான் வண்டி பழைய குணத்துக்கு வந்தது. ஃப்ரேம் செய்தவர்கள் எத்தனை மி.மீ. வரை அனுமதிக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல் நீளமான ஃபோர்க்கை மாட்ட வேண்டாம். தலைக்குழாயின் வெல்டிங் மீது விழும் சுமை சிறியதன்று.

உதகை உறுப்பினர்:

அண்ணன்மார் இருவரும் ஏர் ஃபோர்க்கைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். என் தம்பியின் சைக்கிளில் இருந்தது சுருள்கம்பி (காயில்) ஸ்பிரிங் மட்டும் உள்ள மலிவான வகை. உதகைப் பனியில் அதன் இரும்புக் குழாய்களில் துருப்புள்ளிகள் ஏறியிருந்தன. பிரித்துத் துடைத்து கிரீஸ் போட்டதும் அது அசையத் தொடங்கியது. ஆனால் உள்ளே டாம்பர் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாததால், கல்லில் ஏறிய வேகத்திலேயே துள்ளித் திரும்பியது. இந்த வகைக்குப் பணம் செலவிட்டுப் பழுதுபார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுத்தம் செய்து ஓட்டும்வரை ஓட்டிவிட்டு, பணம் சேர்ந்ததும் ஏர் ஃபோர்க்குக்கு மாறுவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் ஃபோர்க்கில் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வைத்து ஏற்றிக்கொண்டு வந்த ஒரு நண்பர், இங்கே வந்ததும் ஃபோர்க் சற்று மெத்தென்று இருக்கிறது, காற்று கசிகிறது என்று கவலைப்பட்டார். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவுக்குக் கூடுதலாகத் தெரிய வேண்டும். ஆனால் கீழே வெயிலில் 32 டிகிரி, இங்கே 15 டிகிரி என்றால், குளிரால் 5 பிஎஸ்ஐ வரை இறங்கிவிடுகிறது. ஆகவே ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவது கசிவாகாது. ஓட்டும் இடத்திலேயே சைக்கிள்மேல் அமர்ந்து பார்த்து, அசைவில் ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும்படி காற்று வைத்து, மறுநாள் காலை அதே குளிரில் மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் இறங்கியிருந்தால் ஏர் ஸ்பிரிங்கைத் திறக்கலாம்.

குன்னூர் உறுப்பினர்:

உதகைத் தம்பி சொன்ன கணக்கு மிகவும் பயனுள்ளது. கோத்தகிரி நண்பரின் அனுபவத்தைப் படித்த பிறகு என் கருத்தையும் இப்படித் திருத்திச் சொல்கிறேன்: எதை வாங்குவதற்கும் முன்னால் கீழ் உறையைக் கழற்றி, மேற்குழாய்களைப் பாருங்கள். அடுத்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, சீல் விளிம்பில் விரல் வைத்து ஆட்டம் இருக்கிறதா என்று உணருங்கள். ஆட்டம் அங்கே இருந்தால், மேற்குழாய் வழுக்கிச் செல்லும் வளையமான புஷ் தேய்ந்திருக்கிறது. மேலே தலைக்குழாயருகே இருந்தால் ஸ்டீரரைத் தாங்கும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டை இறுக்கினால் போதும், ஃபோர்க்குக்கு ஒன்றுமில்லை. கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ பாகங்கள் கேட்டு எழுதும்போது மாடல் பெயரோடு நிறுத்த வேண்டாம். ஒரே பெயரில் ஆண்டுக்கு ஆண்டு உள்பாகங்கள் மாறுகின்றன. ராக்‌ஷாக்ஸில் கிரவுனின் பின்பக்கத்தில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஃபாக்ஸில் கீழ் உறையின் பின்பக்க ஸ்டிக்கரில் நான்கு எழுத்துக் குறியீடு இருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பினால், சரியான சீல் முதல் முறையிலேயே வந்து சேரும்.