பக்கத்தில் நின்றும் கேட்காமல் போனது
(போனால் வீட்டுப் பேச்சு காதில் விழாமல் போனது பற்றி ஆளுக்கு ஆள் எழுதியவை)

பாம்பன் பையன்:
பாம்பனில் புது ரயில் தூக்குப் பாலத்தை 2025 ஏப்ரலில் திறந்தார்கள் இல்லையா, அதற்கப்புறம் வந்த லீவு. அப்பாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு ரோட்டுப் பாலத்துக்குப் போனேன். கப்பல் ஒன்று காத்துக் கிடந்தது. நடுப்பாலம் அப்படியே மட்டமாக மேலே ஏறியது, நான் போனைத் தூக்கிவிட்டேன். அப்பா பழைய பாலத்துப் பக்கம் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் 'ம்... ம்...' என்றேன். ராத்திரி வீடியோவைப் போட்டுப் பார்த்தால் முழுக்கக் காற்று இரைச்சல். கடைசியில் காற்று ஓய்ந்த ஒரு நொடியில் மட்டும் அவர் குரல் விழுந்திருக்கிறது: "சரி விடு."

மறுநாள் கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா" என்று வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கீழக்கரை மருமகள்:
போன் மேல் பழியைப் போடாதீர்கள் தம்பி. அப்பா உங்கள் பக்கத்தில்தானே நின்றார்? என் வீட்டுக்காரர் துபாயில். நோன்பு திறக்க, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனைச் சுற்றி உட்காரும்போது தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைப்போம். அங்கே நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். நாங்கள் கஞ்சி குடிப்பதை அவர் வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மகன் வாப்பாவுக்கு ஊட்டுகிறேன் என்று கஞ்சியை ஸ்பீக்கருக்குள் விட்டது தனிக் கதை.

என்னை உறுத்துவது வேறு. போன பெருநாளுக்கு நாற்பது நாள் லீவில் வந்தார். அதே சஹன், அதே செம்பு. சாய்ந்திருந்தது அவர் போன், அதில் துபாய் ரூம்காரர்கள். "மச்சான், கறி ஆறுது" என்று இரண்டு தடவை சொன்னேன். மகன் வழக்கம்போல அந்தப் போனைப் பார்த்தே "வாப்பா" என்று கூப்பிட்டான். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

வல்லத்துக்காரர்:
போன் இல்லாமல் மீன்பிடித் தொழில் இல்லை, அதையும் எழுதுங்கள். அலை எச்சரிக்கையே அதில்தான் வருகிறது. ஆனால் தனுஷ்கோடி தாண்டினால் இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும். காசு போய்விடும் என்று பையன்கள் டேட்டாவை அணைப்பார்கள். எங்கள் வல்லத்தில், அதாவது படகில், பேச்சு ஆரம்பிப்பதே அப்போதுதான்.

ஓய்வு வாத்தியார்:
பாம்பன் தம்பிக்கு. மைக் மேல் சின்ன ஸ்பாஞ்சுத் துண்டு வைத்தால் காற்று அவ்வளவு இரையாது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்க வேண்டும். இரைச்சலைக் குறைக்கும் ஆப் இருக்கிறது, அதில் போட்டுப் பாருங்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் போனை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள், என் வீட்டில் அப்படித்தான் (சாவி பேரனிடம் இருக்கிறது). அப்பா என்ன சொல்லியிருப்பார் என்பதும் தெரிந்ததுதானே? 1914ல் திறந்த பழைய பாலத்தின் தூக்கை ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். இரண்டு பக்கமும் கை விரிப்பது போல விரியும். இப்போது 72.5 மீட்டர் நீளத் துண்டு மோட்டாரில் ஒரேயடியாக ஏறுகிறது. 1964 புயலில் பாலம் சேதமானதையும் சொல்லியிருப்பார். எனக்கென்று சொல்ல அனுபவம் ஒன்றும் இல்லை, தோன்றியதைச் சொன்னேன்.

பாம்பன் பையன்:
சார், இதெல்லாம் யூடியூப்பில் இருக்கிறது. அவர் சொன்னதுதான் இல்லை.

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்குப் போன் போட்டேன். "அன்னைக்குப் பாலத்துல என்னமோ சொன்னீங்களேப்பா?" என்றேன்.

"எந்தப் பாலம்?" என்றார். பின்னால் சீரியல் சத்தம்.