புதுப்பிப்பு: தப்பு மேளத்தின் இரண்டு பக்கமும் ஒன்று சேர்ந்தது

ஹட்டனில் மாமா வீட்டுத் தப்பை முப்பரிமாண மாதிரியாக்க, முன்பக்க ஸ்கேனும் பின்பக்க ஸ்கேனும் பொருந்தவில்லை என்று கேட்டிருந்தேனே, அது சரியாகிவிட்டது. தப்பு வட்டமாக இருப்பதுதான் சிக்கல். 1992இல் பெஸ்லும் மெக்கேயும் எழுதிய, ஸ்கேன்களைத் தானாகப் பொருத்தும் ஐசிபி முறை, இரண்டு ஸ்கேனிலும் அருகருகே உள்ள புள்ளிகளைச் சோடி சேர்த்து இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போகும், வட்டத்தை எப்படித் திருப்பினாலும் இடைவெளி கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் எங்கேயோ போய் நின்றுவிடும். சட்டத்தின் வெளி விளிம்பில், இரண்டு பக்கமிருந்தும் தெரிகிற மாதிரி, தாறுமாறான இடைவெளியில் களிமண் உருண்டைகளை ஒட்டினேன். கிளவுட்கம்பேர் என்ற ஸ்கேன் மென்பொருளில் அவற்றைக் கையால் காட்டி உத்தேசமாகப் பொருத்தி, அப்புறம்தான் ஐசிபி. மடித்து ஒட்டிய தோலின் ஓரம் இரட்டைக் கோடாகத் தெரிந்தது ஒரே கோடானபோது அவ்வளவு சந்தோஷம்! புள்ளிகளை மேற்பரப்பாக மாற்றும் பாய்சான் முறை, ஸ்கேன் படாத இடத்தையும் தானாக மூடிவிடும், ஆனால் காமன் கூத்தில் அடித்த தப்புக்கு அப்படிக் கற்பனை ஒட்டுப் போட மனம் வரவில்லை, சட்டத்தின் உள்மூலையை மறுபடி ஸ்கேன் செய்யப் போகிறேன்.