பட்டர்ஃபிங்கர்ஸ் கச்சேரிக்குப் போன நம்ம ஆட்கள் யாராவது?

செந்தூல்வாசி:

90களில் கேஎல்லில் (கோலாலம்பூரில்) வளர்ந்தவர்களுக்கு இந்த மலேசிய ராக் பேண்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எம்மெட் பாட்டு, லோக் கிட்டார், கடாக் பேஸ், லோகோ டிரம்ஸ். 1996-ல் ‘1.2 மில்லிகிராம்ஸ்’ ஆல்பம், அடுத்த வருடமே ‘பட்டர்வொர்த் புஷ்ஃபுல்’, 1999-ல் ‘டிரான்சென்டன்ஸ்’, 2000-ல் ‘மலேனியம்’. ஆங்கிலத்தில் கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் பாடிக்கொண்டிருந்தவர்கள் 2004-ல் ‘செலாமாட் திங்கால் துனியா’ என்று மலாய்க்கு வந்துவிட்டார்கள். 2008-ல் ‘கெம்பாலி’.

என்னை இழுத்துப் போனது பள்ளி நண்பன். பிஜேயில் (பெட்டாலிங் ஜெயாவில்) ஒரு மண்டபம். குளிர்சாதனம் இருந்ததா என்றே தெரியவில்லை, அவ்வளவு புழுக்கம். கூட்டம் முக்கால்வாசி மலாய்ப் பையன்கள், கறுப்பு டி-ஷர்ட். என்னைத் திரும்பிப் பார்த்த ஒருவன், ‘நீ தமிழன்தானே, இதெல்லாம் கேட்பாயா?’ என்றான். கேட்டுவிட்டு, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் நீட்டினான்.

ஸ்லாம் என்ற முட்டிமோதும் ஆட்டம் ஆரம்பித்ததும் முன்வரிசையில் நிற்க முடியவில்லை. முட்டுவார்கள், தள்ளுவார்கள். ஆனால் கீழே விழுந்தவனை நாலு கை தூக்கிவிட்ட பிறகுதான் அடுத்த தள்ளல். நடுவில் மைக் செத்துவிட்டது. யாரும் கவலைப்படவில்லை, பாட்டை மண்டபமே பாடி முடித்தது. சட்டையெல்லாம் நனைந்து வீட்டுக்குப் போனால் அம்மா கேட்டார்: ‘எந்தக் கோயிலில் காவடி எடுத்துவிட்டு வருகிறாய்?’

நம்மவர்களிடம் ராக் என்று பேச்செடுத்தால் ராஜா சாரின் கிட்டார், ரஹ்மான், அதோடு சரி. பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) பையன்கள் வாசித்தது நம் கணக்கில் வருவதே இல்லை. நான் மட்டும்தானா, வேறு யாராவது போயிருக்கிறீர்களா? சொல்லுங்கள்.

பட்டர்வொர்த்காரன்:

நான் அந்த இரண்டாவது ஆல்பத்தை வாங்கியதே பெயருக்காகத்தான். பிறகென்ன, எங்கள் ஊர்ப் பெயரை ரயில் நிலையப் பலகையிலும் ஃபெர்ரி துறையிலும்தான் பார்த்திருக்கிறேன். அது ஒரு காசெட் அட்டையில்! பாட்டு என்னவென்று தெரியாமலே காசு கொடுத்தேன். முதல் பாட்டுக்கே அப்பா ரேடியோவைத் தட்டிப் பார்த்தார், ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து.

வடக்கில் இருப்பவர்களுக்கு ஒரே வழி இரவு பஸ். விடியற்காலையில் கேஎல் புடுராயா பஸ் நிலையத்தில் இறங்கி, மாமாக் (தமிழ் முஸ்லிம்) கடையில் ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வாங்கி, மாலை வரை ஊரைச் சுற்ற வேண்டும். கச்சேரி முடிந்து மறுபடியும் புடுராயா. பின்னாளில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் சவுண்ட்மேக்கர் என்ற கச்சேரி இடம் வந்த பிறகு வெளியூர் பேண்டுகளும் இங்கே வாசித்துவிட்டுப் போனார்கள். அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, இரவு வெளியே போக விண்ணப்பம் போட வேண்டிய நிலைமை.

டிரம்ஸ் அண்ணன்:

தம்பிகளா, பினாங்கு என்று வந்ததால் கேட்கிறேன், எலிகேட்ஸ் பேண்டை ஏன் விட்டுவிட்டீர்கள்? டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், அண்ணன் தம்பி, நம் பினாங்குப் பிள்ளைகள். 60களின் கடைசியில் ஆரம்பித்தது. தலையில் அந்தப் பெரிய ஆஃப்ரோ முடி. 70களில் ஹாங்காங் வரை போய் வாசித்துவிட்டுத்தான் இங்கே மலாய்ப் பாட்டில் பேர் வாங்கினார்கள். எம். நாசிர் அவர்களுக்கு மெட்டுப் போட்டிருக்கிறார். 2007 ஜூனில் லோகா (லோகநாதன்) இறந்தபோது எங்கள் குழுவில் இரண்டு பேர் அன்று வாசிக்க வரவில்லை. மலாய்க்காரர்கள் கல்யாணத்தில் இன்றும் அவர்கள் பாட்டு ஓடுகிறது. பாடியவர்கள் தமிழர்கள் என்று நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்புறம், நீங்கள் சொல்லும் கிரஞ்ச் பையன்களைப் பற்றி. நான் தமிழ் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். கல்யாணம், கோயில் திருவிழா, தீபாவளி நிகழ்ச்சி. பயிற்சிக்கு எங்களுக்கும் ஜாமிங் ஸ்டூடியோ என்ற வாடகை அறைதான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை, ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்போம். முட்டைப் பெட்டி ஒட்டிய சுவர், சிகரெட் நாற்றம், ஏற்கெனவே ஒருவன் உடைத்து வைத்த சிம்பல். எங்கள் நேரத்துக்கு முன்னால் இந்த மாதிரிப் பையன்கள் இருப்பார்கள். மணி முடிந்தும் வெளியே வர மாட்டார்கள். கதவைத் தட்டினால், ‘பாங் (அண்ணே), கடைசி ஒரு பாட்டு’ என்பார்கள்.

ஒரு நாள் நாங்கள் டப்பாங்குத்து வாசிப்பதை அவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அவர்களுடைய டிரம்மர் உள்ளே வந்து, அந்த அடியைக் காட்டச் சொன்னான். காட்டினேன். பையன் கையில் வேகம் இருந்தது, குத்து வரவில்லை. நாலு நாலாக எண்ணிப் பழகியவன், ஆறில் எடை எங்கே விழுகிறது என்று பிடிபடவில்லை. பதிலுக்கு அவன் கால் பெடலில் அடித்ததை நான் செய்து பார்த்தேன், முழங்கால் விட்டுப்போனது. எங்கள் கீபோர்டுக்காரருக்குக் கோபம், ‘நம் வாடகை மணியில் இவனுக்கு ட்யூஷனா?’ என்று. அந்தப் பையன் பெயர்கூடக் கேட்கவில்லை. பெரிய பேண்ட் எதிலாவது இருந்தானோ, இரண்டே மாதத்தில் டிரம்ஸை விற்றானோ.

செந்தூல்வாசி:

அண்ணே, எலிகேட்ஸ் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அது பாப் இல்லையா?

டிரம்ஸ் அண்ணன்:

பாப்தான். அதற்கென்ன? நாலு பேர் சேர்ந்து சொந்தக் கையால் வாசித்தால் எனக்கு அது பேண்ட். மற்ற பெயரெல்லாம் காசெட் கடைக்காரன் அலமாரிக்குத் தேவை.

கிள்ளான் அக்கா:

அண்ணன்மார்கள் கதையில் பெண்களே இல்லை, நானே வருகிறேன். எங்கள் வீட்டில் ராக் நுழைந்தது என் அண்ணன் தலைமுடி வழியாக. 1992-ல் தகவல் அமைச்சர் முகமட் ரஹ்மாட் நீள முடிப் பாடகர்களை அரசாங்கத் தொலைக்காட்சி ஆர்டிஎம்மில் விடமாட்டேன் என்றார் அல்லவா? சர்ச், விங்ஸ் என்ற பெரிய ராக் பேண்ட் ஆட்களே முடி வெட்டிக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்த மறுநாள் அப்பா அண்ணனைப் பிடித்துச் சலூனில் உட்கார வைத்தார். ‘மந்திரியே சொல்லிவிட்டார்.’ அண்ணன் ஒரு வாரம் தொப்பியோடுதான் சாப்பிட்டான்.

நான் கச்சேரிக்குப் போக ஆரம்பித்தது வேலைக்குப் போன பிறகுதான். அம்பாங்கில் ருமா அப்பி என்று பங்க் ராக் ஆட்கள் தாங்களே நடத்திய கச்சேரி இடம். பெண்ணாகத் தனியாகப் போனால் தொந்தரவு இருக்கும் என்று பயந்துதான் போனேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோயில் கூட்டத்தில் இடித்த அளவுக்கு அங்கே இடி வாங்கியதில்லை, உள்ளதைச் சொல்கிறேன். 2015 ஆகஸ்டில், நேர்மையான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 4 பேரணிக்கு முதல் இரவு, அங்கே போலீஸ் புகுந்து 150 பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். வெளிநாட்டு பேண்ட் ஆட்களும் மாட்டினார்கள். அன்று எனக்கு இரவு ஷிஃப்ட், அதனால் போகவில்லை. வீட்டில் இன்றுவரை இது தெரியாது, அண்ணியிடம் யாரும் வத்தி வைக்காதீர்கள்.

2023-ல் செப்பாங்கில் பிரிட்டிஷ் பேண்ட் ‘தி 1975’-ன் பாடகர் மேடையில் செய்த கூத்தில் குட் வைப்ஸ் இசை விழாவின் மிச்ச நாட்களை அரசாங்கம் நிறுத்தியதே, அதில் எனக்குக் கோபம் வேறு இடத்தில். அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். மறுநாள் மேடைக்காக மாதக்கணக்கில் பயிற்சி செய்த உள்ளூர் பேண்டுகள்? அவர்களைப் பற்றி நாலு வரிகூட அதிகம் பேர் எழுதவில்லை.

பட்டர்வொர்த்காரன்:

அக்கா, அதில் வாசிக்க வேண்டியிருந்த ஒரு பையனின் மாமா என்னுடன் வேலை செய்கிறார். கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டி, வேன் பிடித்துப் பாதி வழி வந்தபோது செய்தி கிடைத்ததாம். வேன் வாடகையில் பாதியைத்தான் ஓட்டுநர் திருப்பிக் கொடுத்தார்.

சரி, என் மகளுக்கு இப்போது வயது பதினாறு, ‘கெம்பாலி’ சிடி வேண்டும் என்கிறாள். போனில் இருக்கிறதே என்றால் கையில் வேண்டுமாம். யாரிடமாவது கீறல் இல்லாமல் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், விலை பேசிக்கொள்வோம்.

டிரம்ஸ் அண்ணன்:

என்னிடம் இருக்கிறது. ஆனால் தரமாட்டேன். கேட்க வேண்டுமென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா தம்பி, டிரம்ஸும் இருக்கிறது.