பிள்ளை பெற்றவளுக்குக் கோழிச் சாறு

பர்மாவில் இருக்கும் எங்கள் குடும்பத்தின் கைபேசிக் குழு, வெள்ளிக்கிழமை, காலை 6.40

அத்தை (பெகு): (பகிரப்பட்ட செய்தி) பண்ணைக் கோழிகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு நாற்பதே நாளில் பெருக்க வைக்கிறார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தொடவே கூடாது. எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்.

அத்தை (பெகு): மருமகளுக்குப் பிரசவமாகி இன்றோடு பன்னிரண்டு நாள். இனி சாறு வைப்பதானால் வீட்டில் வளர்த்த கோழியில்தான் வைக்க வேண்டும். கடையில் வாங்கியதை அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அண்ணி: மாதம் முழுவதும் மீன் வாடை ஒத்துக்கொள்ளாமல், பண்ணைக் கோழியைத்தானே சாப்பிட்டேன்? இப்போது குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா?

நான்: அண்ணி, பயப்படாதீர்கள். அப்படி எதுவும் ஆகாது. பெரியப்பா, எழுந்துவிட்டீர்களா? உடனே பதில் சொல்லுங்கள். அண்ணி அழுகிறார் என்று அண்ணன் போன் செய்தார்.

தம்பி (மோல்மின்): எனக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. எங்கள் வீட்டுச் சேவல் ஆறு மாதமாகியும் ஒரு வீசை (சுமார் 1.6 கிலோ) தேறவில்லை. பண்ணையில் ஆறு வாரத்தில் ஒரு வீசையைத் தாண்டிவிடுகிறது. ஊசி இல்லாமல் இது எப்படி முடியும்?

பெரியப்பா (தன்லின்): மருமகளே, முதலில் கண்ணைத் துடைத்துக்கொள். உன் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. எட்டு வருடம் இரண்டாயிரம் கோழிகள் உள்ள கொட்டகை நடத்தியவன் சொல்கிறேன். ஒரு கோழிக்குக்கூட நான் ஹார்மோன் ஊசி போட்டதில்லை.

பெரியப்பா (தன்லின்): வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் மற்றப் புரதத்தைப் போல வயிற்றில் செரித்துப் போகும். அது வேலை செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு கோழியையும் பிடித்து மறுபடி மறுபடி குத்த வேண்டும். இரண்டாயிரம் கோழிக்கு யாரால் முடியும்? கோழியின் விலையைவிட ஊசியின் செலவு அதிகமாகிவிடும்.

தம்பி (மோல்மின்): அப்படியானால் எடை எங்கிருந்து வருகிறது?

பெரியப்பா (தன்லின்): வம்சத்திலிருந்து வருகிறது. வேகமாக வளரும் கோழியையே தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957-ஆம் ஆண்டின் இனத்தையும் 2005-ஆம் ஆண்டின் இனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம், புதிய இனம் 4,202 கிராம். இது 2014-இல் வெளிவந்த ஆய்வு. தீவனம் ஒன்றுதான், கோழிதான் வேறு.

அத்தை (பெகு): அப்படியென்றால் அந்தக் கறி ஏன் அண்ணா இப்படிச் சப்பென்று இருக்கிறது? நம் வீட்டுக் கோழியைக் கொதிக்க விட்டால் தெருமுனை வரை மணக்குமே!

பெரியப்பா (தன்லின்): அதில் நீ சொல்வது முழுக்கச் சரி, தங்கச்சி. பண்ணைக் கோழிக்கு வயது ஐந்தாறு வாரம்தான். உடம்பு பெருத்திருக்கும், ஆனால் அது இன்னும் குஞ்சுதான். நம் கோழி ஆறு மாதம் வேலி தாண்டி ஓடியது, குப்பையைக் கிளறியது, மரத்தில் ஏறித் தூங்கியது. ஓடிய கால்தான் சிவந்த கறியாகிறது. வயது கூடக் கூடத் தசையைக் கட்டும் நார் இறுகும். அதனால்தான் வேக நேரம் பிடிக்கிறது. அந்த நார் மெதுவாகக் கரைந்து இறங்குவதால்தான் சாறு உதட்டில் ஒட்டுகிறது. பர்மியர்கள் சுரைக்காய் போட்டு வைக்கும் காலதாக் குழம்பைப் பண்ணைக் கோழியில் வைத்துப் பாருங்கள், சுரைக்காய் வேகும் முன்பே கறி உதிர்ந்துவிடும்.

நான்: பெரியப்பா, பண்ணைக் கோழியில் குறையே இல்லையென்றால் நீங்கள் ஏன் அதை விட்டீர்கள்?

பெரியப்பா (தன்லின்): குறை இல்லை என்று நான் சொல்லவில்லையம்மா. குறை வேறு இடத்தில் இருக்கிறது. நெருக்கி அடைத்தால் நோய் வரும், நோய் வந்தால் மருந்து கொடுக்க வேண்டும். மருந்தை நிறுத்திக் குறிப்பிட்ட நாட்கள் கழித்துத்தான் அறுக்கலாம். ஒரு வியாபாரி, விற்கும் நாள் வரை ஆன்டிபயாட்டிக் பொடியைத் தண்ணீரில் கலந்துகொண்டே இருக்கச் சொன்னார். அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். நாளை நம் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அதே மருந்து கேட்காது. அந்த மாதமே கொட்டகையை மூடிவிட்டேன். பயப்பட வேண்டுமென்றால் இதற்குப் பயப்படுங்கள், இல்லாத ஊசிக்கு வேண்டாம்.

அண்ணன்: அப்படியானால் நாங்களே பின்கட்டில் நான்கு கோழி வளர்க்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் பழைய பேட்டரிகளை உடைத்துப் போடும் மூலையைத் தாண்டிக் கொஞ்சம் இடம் இருக்கிறது.

பெரியப்பா (தன்லின்): வேண்டாம்! அந்த இடத்தில் ஒரு கோழியும் விடாதே. மின்தடையால் ரங்கூனில் வீட்டுக்கு வீடு பேட்டரி வந்துவிட்டது, தீர்ந்ததை உடைக்கும் இடமெல்லாம் மண்ணில் ஈயம் இறங்கும். கோழி மண்ணைக் கொத்தித் தின்னும் பிராணி. அந்த ஈயம் முட்டைக்கும் ஈரலுக்கும் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டில் வளர்ந்தது என்பதால் மட்டும் எதுவும் சுத்தமாகிவிடாது.

பெரியப்பா (தன்லின்): பறவைக் காய்ச்சலும் அப்படித்தான். 2006 மார்ச்சில் மண்டலே பக்கம் வந்தபோது எத்தனை கோழிகளை அழித்தார்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். 2007 கடைசியில் ஷான் மாநிலத்துக் கெங்துங் பக்கம் ஏழு வயதுச் சிறுமிக்கு வந்தது, நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டாள். செத்த கோழியை யார் வீட்டிலும் கறி வைக்கக் கூடாது.

அத்தை (பெகு): போன வருடம் வெள்ளைக்கழிச்சலில் எனக்கு ஒரே வாரத்தில் பதினொரு கோழி போனது. ஒவ்வொன்றாகப் புதைத்தேன்.

பெரியப்பா (தன்லின்): வெள்ளைக்கழிச்சலுக்குச் சூடு தாங்கும் ஐ-2 என்ற தடுப்பு மருந்து இருக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண்ணில் ஒரு சொட்டு விட்டால் போதும். மின்சாரம் போய் ஐஸ்பெட்டி நின்றாலும் மற்ற மருந்துகளைப் போல உடனே கெட்டுவிடாது. அடுத்த முறை எனக்கு வாங்கும்போது உனக்கும் சேர்த்து வாங்குகிறேன்.

அண்ணி: மாமா, இப்போதுதான் மனம் நிம்மதியானது. குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்குகிறது. ஆனால் உங்கள் வீட்டுக் கோழிச் சாறு குடிக்க ஆசையாக இருக்கிறது.

பெரியப்பா (தன்லின்): ஆசை என்று சொன்னாயே, அது போதும். பயத்தில் குடிக்கிற சாறு உடம்பில் ஒட்டாது. பெட்டை ஒன்று எட்டு மாதத்தில் இருக்கிறது. குஞ்சாக இருந்தபோது பருந்திடமிருந்து நானே பிடுங்கிக் காப்பாற்றியது. நொய்யும் தவிடும் என் கையால் போட்டு வளர்த்தேன். அதைத்தான் கொண்டு வருகிறேன்.

அத்தை (பெகு): அந்தச் செய்தியை இங்கே நீக்கிவிட்டேன் அண்ணா. பெகுவில் இன்னும் நான்கு குழுக்களுக்கு அனுப்பியிருந்தேன், அங்கேயும் தவறு என்று எழுதிவிடுகிறேன். அவற்றிலும் பிள்ளைத்தாய்ச்சிகள் இருக்கிறார்கள்.

நான்: பெரியப்பா, நான் போய்ச் சமைக்கிறேன். எவ்வளவு நேரம் வேக வேண்டும்?

பெரியப்பா (தன்லின்): கொதி வந்த பிறகு சிறுதீயில் ஒன்றரை மணி நேரம். மிளகு, சீரகம், பூண்டு, மஞ்சள் போதும், மிளகாய் வேண்டாம். தொடை மூட்டைப் பிரித்துப் பார், எலும்போரம் சிவப்பு தெரிந்தால் இன்னும் வேக விடு. நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். கரி அடுப்பைப் பற்றவைத்து வை அம்மா, மின்சாரத்தை நம்பாதே.