வறட்சி புதிதில்லை, அந்த முறை மட்டும் மண் ஏன் அப்படிப் பறந்தது?

புதுவாசகி: 1930களில் அமெரிக்காவின் ஓக்லஹோமா, கான்சஸ் மாநிலங்கள் பக்கம் அடித்த புழுதிப் புயல்களைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமவெளியில் அதற்கு முன்னாலும் மழை பொய்த்திருக்கிறதே, அப்போது இந்த அளவுக்கு மண் கிளம்பவில்லை. இந்த முறை என்ன ஆனது? அங்கிருந்த ஜனங்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?

மேழி: புல் போனதுதான் காரணம். அந்த மண்ணை இறுக்கிப் பிடித்திருந்தது குட்டையான, வேர் ஆழமாக ஓடும் புல். முதல் உலகப் போர் சமயத்தில் கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது, டிராக்டரும் சட்டிக்கலப்பையும் வந்தன, புல்தரையைப் புரட்டிப்போட்டார்கள். அப்புறம் விலை விழுந்ததும் கடனைக் கட்ட இன்னும் அதிக நிலத்தை உழுதார்கள். 1931-ல் மழை நின்றது, பயிர் கருகியது, காற்றைத் தடுக்க வயலில் ஒன்றுமே இல்லை. அந்த விவசாயிகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, விதைக்கச் சொல்லி ஊக்கப்படுத்தியதே அரசாங்கம்தான்.

கிணற்றடி: தாக்குப்பிடித்த கதை கொடுமை. ஜன்னலில் ஈரத்துணி கட்டுவார்கள், சாப்பிடும் நேரம் வரை தட்டைக் கவிழ்த்தே வைப்பார்கள், அப்படியும் சோற்றில் மண். புழுதி நெஞ்சில் இறங்கி நிமோனியா வந்து குழந்தைகளும் வயதானவர்களும் செத்தார்கள். காற்றில் மின்சாரம் ஏறி கார் நின்றுவிடும் என்று பின்னால் சங்கிலியைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓட்டினார்கள். 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாத இருட்டு. எனக்கு மனதை அறுப்பது மாடுகள்தான். தீவனம் இல்லாமல் முட்செடியை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், 1934-ல் அரசு விலைக்கு வாங்கியதில் தேறாதவற்றைச் சுட்டுப் புதைத்தார்கள். வளர்த்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

புதுவாசகி: மாட்டு விஷயத்தை மகளிடம் எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. எல்லோரும் கலிபோர்னியாவுக்குக் கிளம்பிவிட்டார்களா?

மேழி: இல்லை, பலர் போனார்கள், ஆனால் அந்தப் புழுதிப் பகுதியிலேயே பெரும்பாலானவர்கள் நிலத்தை விடாமல் இருந்தார்கள். ஹியூ பென்னட் என்ற மண் அறிஞர் வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தார், புழுதி தலைநகரம் வாஷிங்டன் வரை வந்த பிறகுதான் காது கொடுத்தார்கள். 1935 ஏப்ரலில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சரிவுக்குக் குறுக்காக உழுதார்கள், அறுவடைத் தாளை வயலிலேயே விட்டார்கள், 1942-க்குள் காற்றைத் தடுக்க சுமார் 22 கோடி மரங்கள் நட்டார்கள். நல்ல மழை 1939-ல்தான் திரும்பியது. இப்போது அங்கே பல இடங்களில் விவசாயம் ஓகலாலா என்ற நிலத்தடி நீரை நம்பித்தான் நடக்கிறது, அதுவும் வருடாவருடம் இறங்கிக்கொண்டே போகிறது. மகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.